கீபோர்டில் பாதி கிடையாது

திருவொற்றியூர் தேரடிக்குப் பக்கத்தில், ஒரு மருந்துக்கடையின் மாடியில் கேம் சென்டர் இருந்தது. எட்டு கம்ப்யூட்டர்கள், ஓரமாக டிவியோடு இரண்டு கேம் பெட்டிகள். சங்கமித்ராவும் தீபனும் பழகியது அங்கேதான். பழகினார்கள் என்பதைவிடச் சண்டை போட்டார்கள் என்று சொல்லலாம். அவள் மவுஸும் கீபோர்டும் வைத்து ஆடுகிறவள். அவன் இரண்டு கையாலும் பிடிக்கும், குச்சி வைத்த கண்ட்ரோலர் பிடிக்கிறவன். எது உசத்தி என்பதுதான் சண்டை.

சங்கமித்ராவுக்கு அப்போது இருபத்து நாலு வயது. புளியந்தோப்பு ஹவுசிங் போர்டு வீட்டில் அம்மா கெங்கம்மாவோடு இருந்தாள். தேரடியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் டைப் அடிக்கும் வேலை. வேலை முடிந்ததும் மாடி ஏறிவிடுவாள். பெண்கள் யாரும் வராத இடம். முதல் மாதம் எல்லோரும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். சுடுகிற ஆட்டத்தில் அவளிடம் வரிசையாகச் செத்த பிறகு பார்ப்பதை விட்டுவிட்டார்கள்.

தீபன் எண்ணூர்ப் பக்கம் மீனவக் குப்பத்துக்காரன். அவளைவிட ஒரு வயது சின்னவன். டிப்ளமோ முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தான்.

"இன்னாம்மே, எலிய புடிச்சிகினு எங்களாண்ட மோதறியா?" என்பான்.

"மணிக்கட்ட ஒரு வெட்டு வெட்னா போதும், எலி உன் தலை மேல நிக்கும். நீ கட்டவெரல வெச்சிகினு மெதுவா திரும்பறதுக்குள்ள க்ளோஸு. அதான் கேமே உன்னப் பாத்து பரிதாபப்பட்டு குறிய இஸ்து வெச்சி குடுக்குது. உன் கைல கீறது ஊனுகோலுடா" என்பாள் அவள்.

அதில் பொய் இல்லை. கண்ட்ரோலர்காரர்களுக்குக் குறி கொஞ்சம் தப்பினால் ஆட்டமே அதை எதிரியின் பக்கம் நகர்த்தி உதவும். மவுஸ்காரர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. தேவையும் கிடையாது.

கார் ஆட்டத்தில் மட்டும் கதை மாறிவிடும். கண்ட்ரோலரின் விசையைப் பாதி அழுத்தினால் கார் பாதி வேகத்தில் போகும். குச்சியை லேசாகச் சாய்த்தால் லேசாகத் திரும்பும். கீபோர்டில் பாதி கிடையாது. பட்டனை அழுத்தினால் முழு வேகம், விட்டால் ஒன்றும் இல்லை. ஈரச் சாலை வளைவுகளில் சங்கமித்ரா பட்டனைத் தட்டித் தட்டி ஓட்டிப் பார்த்தாள். கார் வழுக்கிக்கொண்டு போய்ச் சுவரில் மோதியது. தீபனிடம் பதினொரு தடவை தோற்ற பிறகு, "காரு ஓட்றதெல்லாம் ஒரு ஆட்டமாடா?" என்று சொல்லி அந்த ஆட்டத்தையே தொடுவதை விட்டாள். ஏன் தோற்றோம் என்று அவளுக்குத் தெரியும். யாரிடமும் சொன்னதில்லை.

தீபனின் தாய்மாமன் பொன்னுரங்கம். முன்பு படகில் போனவர். ஆற்று முகத்தில் மீன் அற்றுப்போனதும் மணலியில் எண்ணெய்த் தொட்டி சுத்தம் செய்யும் வேலைக்குப் போனார். பெரிய பெரிய எண்ணெய்த் தொட்டிகளின் அடியில் வருடக்கணக்கில் கறுப்புக் கசடு படியும். மண்வெட்டியும் வாளியுமாக ஆட்கள் உள்ளே போய் அதை அள்ளுவார்கள். பிறகு தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக, தொட்டிக்குள் ஆள் இறங்கக் கூடாது என்று சொல்ல ஆரம்பித்தன. பொன்னுரங்கத்தின் கான்ட்ராக்டர் ராமசுப்பு, வெளிநாட்டில் ஓடி முடிந்த ஒரு பழைய இயந்திரத்தை வாங்கிக்கொண்டுவந்தார். டாங்கி மாதிரி இரண்டு பக்கமும் பட்டைச் சக்கரம், முன்னால் கசடைத் தள்ளும் இரும்புப் பலகை, உறிஞ்சும் குழாய், ஒரு விளக்கு, ஒரு கேமரா. பின்னால் நீளமான கேபிள். ஆட்கள் அதற்கு ஆமை என்று பெயர் வைத்தார்கள். வெளியே ஒரு தகரக் கேபினில் உட்கார்ந்து, திரையைப் பார்த்து, இரண்டு குச்சிகள் உள்ள ஒரு பெட்டியால் அதை ஓட்ட வேண்டும்.

இரண்டு கிரேன் டிரைவர்களை வைத்துப் பார்த்தார் ராமசுப்பு. சரிவரவில்லை.

"சார், என் அக்கா புள்ள இதே மாதிரி ஒண்ண கைல வெச்சிகினு நாள் பூரா டிவியாண்ட குந்திகினு கீறான்" என்றார் பொன்னுரங்கம்.

அப்படித்தான் தீபன் வேலைக்குப் போனான். இன்னொரு ஆள் வேண்டும் என்றபோது தீபன் சங்கமித்ராவைச் சொன்னான். "சண்டக்காரிதான் சார். ஆனா கண்ணு சோக்கான கண்ணு."

இரண்டு வருடம் நன்றாகவே போனது. தீபன் ஆமையை ஓட்டுவான். சங்கமித்ரா விஷவாயு இருக்கிறதா என்று காட்டும் கேஸ் மீட்டரைப் பார்ப்பாள், கேபிள் எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்று கணக்கு வைப்பாள், சாப்பாட்டு நேரத்தில் அரை மணி ஓட்டுவாள். பொன்னுரங்கம் தொட்டியின் வாய்க்கு வெளியே நின்று கேபிளைத் தளர்த்திக் கொடுப்பார்.

"இந்த ஆமை வந்ததுலேர்ந்துதான் என் பொண்டாட்டி என் சட்டைய தொட்டு தோய்க்கிறா, மித்ரா கண்ணு" என்று ஒருநாள் சொன்னார். "முன்னல்லாம் கம்பால தூக்கி வெளிய போடுவா."

அந்தக் குச்சிப் பெட்டியைத் தன்னாலும் நன்றாக ஓட்ட முடியும் என்று சங்கமித்ரா காட்டியிருந்தாள். ஆனாலும் அவள் ஓட்டும் நேரத்தில் தொழிற்சாலை இன்ஜினியர்கள் பார்க்க வந்தால் ராமசுப்பு அவளை எழுப்பிவிட்டு தீபனை உட்காரவைப்பார். "ஆம்பள ஆள் உக்காந்திருந்தா அவங்களுக்கு ஒரு தைரியம்மா. தப்பா எடுத்துக்காத" என்பார். தீபன் அதற்கு ஒரு வார்த்தை சொன்னதில்லை. எழுந்து நாற்காலியை விடும்போது அவன் முகத்தை அவள் பார்ப்பாள். அவன் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

போன சித்திரையில் குச்சிப் பெட்டி கெட்டுப்போனது. கையை எடுத்த பிறகும் இடது குச்சி தானாக ஒரு பக்கம் இழுத்தது. கேம் ஆடுகிறவர்களுக்குத் தெரிந்த நோய்தான். பழைய கண்ட்ரோலர்களுக்கெல்லாம் வரும். ஆமை நேராகப் போகாமல் வலப்பக்கம் சாய்ந்து சாய்ந்து போனது. புதுப் பெட்டி கப்பலில் வர இரண்டு மாதம் ஆகும் என்றார்கள். அடுத்த வாரம் மணலியில் ஒரு பெரிய தொட்டி வேலை தொடங்க வேண்டும்.

இயந்திரத்தோடு வந்த லேப்டாப்பில் கீபோர்டால் ஓட்டவும் வழி இருந்தது. பட்டறையில் சக்கரம் சுற்றுகிறதா என்று சோதித்துப் பார்ப்பதற்காக வைத்தது அது.

"கீபோர்டுல ஓட்ட முடியுமா?" என்று ராமசுப்பு இருவரையும் கூப்பிட்டுக் கேட்டார்.

"முடியாது சார்" என்றான் தீபன். "வேணும்னா என் வூட்ல கீற கண்ட்ரோலர கொண்டாந்து மாட்டிப் பாக்கலாம். ஒத்துகினாலும் ஒத்துக்கும்."

ராமசுப்பு சிரித்தார். "வெளையாட்டு சாமானையா? அந்த இன்ஜினியர் வந்து பாத்தா என்னப்பா நெனைப்பான்? கீபோர்டுன்னா ஆபீஸ் மாதிரி ஒரு மரியாதையா இருக்கும்."

சங்கமித்ரா சொன்னாள்: "நான் ஓட்டுவேன் சார்."

எர்ணாவூரில், இயந்திரங்களை நிறுத்திவைக்கும் ராமசுப்புவின் யார்டு. காலி டிரம்களை வரிசையாக நிறுத்தி, சிமெண்டுத் தரையில் களிமண்ணைக் கரைத்து ஊற்றி, ஒரு போட்டி மாதிரியே வைத்தார். யார் டிரம்மில் இடிக்காமல் மண்ணைச் சீக்கிரம் தள்ளி முடிக்கிறார்களோ, மணலி தொட்டிக்கு அவர்தான் முதல் ஆபரேட்டர். இன்ஜினியர் வந்தாலும் எழுந்திருக்க வேண்டாம்.

தீபன் கெட்டுப்போன பெட்டியோடு ஓட்டினான். இழுக்கும் குச்சியை எதிர்ப்பக்கம் பிடித்துப் பிடித்து, இரண்டு டிரம்களைச் சாய்த்துவிட்டான். சங்கமித்ரா இடது கையால் நாலு பட்டன், வலது கையால் மவுஸ். மவுஸை அசைத்தால் கேமரா திரும்பும். திரும்ப வேண்டிய இடம் அவளுக்கு முன்பே தெரிந்தது. பட்டனைத் தட்டித் தட்டி, ஒரு டிரம்மையும் தொடாமல், அவனைவிட நாலு நிமிடம் முன்னாலேயே முடித்தாள். சுற்றி நின்றவர்கள் விசில் அடித்தார்கள். பொன்னுரங்கமும் கைதட்டினார்.

தீபன் அவளைத் தனியாகக் கூப்பிட்டான்.

"மித்ரா, இது சிமெண்ட் தரை. மேல கொஞ்சூண்டு மண்ணு. உள்ள மொயங்கால் அளவு கசடு கீது, கீய ஆவி பைப்பு ஓடுது. வயுக்கிகினு பூடும். உனக்கு தெரியாதா?"

"தோத்துட்டு பேசாதடா."

"கார் ஆட்டம் ஞாபகம் கீதா?"

அவளுக்கு ஞாபகம் இருந்தது. அவன் அதைச் சொன்னதுதான் அவளுக்குக் கோபம்.

"ரெண்டு வருஷமா நான் எய்ந்து நாற்காலி குட்தேனே, அப்ப ஒரு வார்த்தை பேசினியா? இப்ப நாற்காலி என்னுது. வுடு."

அவன் விட்டுவிட்டான். மறுநாள் ராமசுப்புவிடமும் அவன் எதுவும் சொல்லவில்லை.

தொட்டி மணலியில் ஒரு தொழிற்சாலையுடையது. மூன்று மாடி உயரம். உள்ளே கூரையைத் தாங்கும் இரும்புத் தூண்கள், தரையில் எண்ணெயைச் சூடாக்கும் ஆவிக் குழாய்கள். சுவரில் ஆள் குனிந்து நுழையும் அளவுக்கு ஒரு வட்ட வாய். அதன் வழியாகத்தான் ஆமையை உள்ளே விட்டிருந்தார்கள். முதல் இரண்டு நாள் வாய்க்கு அருகே இருந்த மெல்லிய கசடைத் தள்ளினாள். நன்றாகவே போனது. இன்ஜினியர் வந்து பார்த்துவிட்டு, "குட், குட்" என்றார். யாரும் அவளை எழுப்பவில்லை.

மூன்றாம் நாள் தொட்டியின் நடுப்பகுதிக்குப் போனாள். காலை பதினொரு மணி. கசடு கெட்டியாக, ஆழமாக இருந்தது. ஒரு தூணைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். முன்னால் போகும் பட்டனைத் தட்டினாள். ஆமை நகரவில்லை. இன்னும் ஒரு தட்டு. நகரவில்லை. அழுத்திப் பிடித்தாள். முழு வேகத்தில் சக்கரம் சுழன்று, சட்டென்று பிடிப்புக் கிடைத்து, ஆமை பாய்ந்தது. பட்டனை விட்ட பிறகும் வழுக்கிக்கொண்டே போய்த் தூணைச் சுற்றி அரை வட்டம் அடித்தது. பின்னால் வரப் பார்த்தாள். கேபிள் தூணில் சுற்றி இறுகியது. இடது, வலது, பின், முன் எல்லாம் செய்து பார்த்தாள். ஒவ்வொரு அசைவும் தேவைக்கு மேல் போனது. இருபது நிமிடத்தில் கேபிள் இரண்டு சுற்றாகிவிட்டது.

வாக்கி டாக்கியில் ராமசுப்புவின் குரல் வந்தது. அவர் தொட்டி வாயருகே நின்றிருந்தார். சாயங்காலத்துக்குள் தொட்டியை ஒப்படைப்பதாக இன்ஜினியரிடம் சொல்லியிருந்தார்.

"என்னம்மா, எவ்ளோ நேரம்?"

"சுத்திகிச்சி சார். நான் எடுத்துடறேன். அரை மணி குடுங்க."

"இன்னும் இழுத்தா கேபிள் அறுந்திடும். கைய எடு. ஒண்ணும் பண்ணாத. ஒரு ஆள் போய் கழட்டிவிட்டா அஞ்சு நிமிஷ வேலை."

"வேணாம் சார். ஆள அனுப்பாதீங்க."

"பொன்னுரங்கம் போறாரு. அவருக்குத் தெரியாத தொட்டியா?"

மூச்சுக் கருவி இரண்டு இருந்திருக்க வேண்டும். ஒன்றின் சிலிண்டர் நிரப்பப் போயிருந்தது. இன்னொன்றின் முகமூடி கிழிந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. கேஸ் மீட்டரைத் தொட்டியின் வாயில் பிடித்துப் பார்த்தார்கள். பச்சை காட்டியது. உள்ளே, நடுவில், இருபது நிமிடம் கிளறிவிட்ட கசடுக்கு மேல் என்ன இருக்கிறது என்று வாயில் பிடித்த மீட்டருக்குத் தெரியாது. பொன்னுரங்கம் முகத்தில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு குனிந்து நுழைந்தார். தீபன் வாயருகே கேபிளைப் பிடித்துக்கொண்டிருந்தான். "மாமா, நாத்தம் வந்தா திரும்பிடு" என்றான். "நாத்தம் வந்தா பயமில்லடா. நாத்தம் நின்னாதான் பயம், மூக்கு மரத்துப் பூட்ச்சின்னு அர்த்தம்" என்று சொல்லிவிட்டுப் போனாராம் அவர்.

சங்கமித்ரா அவரைத் திரையில் பார்த்தாள். முதலில் முழங்கால் வரை பூட்ஸ், பிறகு தூணைப் பிடித்த கை. கேமரா பக்கம் திரும்பிக் கையை ஆட்டினார். கேபிளின் ஒரு சுற்றைக் கழற்றினார். இரண்டாவது சுற்றையும் கழற்றினார். பிறகு, எதையோ கீழே போட்டுத் தேடுகிறவர் மாதிரி மெதுவாகக் குந்தினார். அப்படியே முகம் குப்புறச் சாய்ந்தார்.

"தீபா! மாமா வுயுந்துட்டாரு! தீபா!"

தீபன் உள்ளே பாய்ந்தான். பின்னால் நின்ற இரண்டு பேர் அவன் காலைப் பிடித்து வெளியே இழுத்தார்கள். அவன் கத்துவது வாக்கி இல்லாமலே கேபின் வரைக்கும் கேட்டது. தொழிற்சாலையின் தீயணைப்பு ஆட்களைக் கூப்பிட யாரோ ஓடினார்கள்.

திரையில் பொன்னுரங்கத்தின் முதுகு தெரிந்தது. முகம் கசடுக்குள் இருந்தது. ஆமைக்கும் அவருக்கும் இடையே ஆறடிகூட இல்லை. ஆமையின் பலகையை அவர் மார்புக்குக் கீழே கொடுத்துத் தூக்கினால் முகம் வெளியே வரும். சங்கமித்ரா பட்டனை ஒரு தட்டு தட்டினாள். நகரவில்லை. இரண்டு. ஆமை ஒரு முழம் பாய்ந்தது. கையை எடுத்தாள். மறுபடி ஒரு தட்டு. பலகை அவர் தோளைத் தொட்டது. பலகையைக் கீழே இறக்கினாள். இன்னொரு தட்டு. பலகை அடியில் போனது. தூக்கும் பட்டனை எவ்வளவு குறைவாக அழுத்த முடியுமோ அவ்வளவு குறைவாக அழுத்தினாள். பலகை ஒரே வெட்டாக மேலே வந்தது. அவர் உடம்பு தூக்கிப் போட்ட மாதிரி புரண்டு, மல்லாந்து விழுந்தது.

முகம் முழுக்கக் கறுப்பு. அவர் அசையவில்லை. அவள் பட்டன்களிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். தீயணைப்பு ஆட்கள் சிலிண்டரோடு வந்து அவரை வெளியே எடுக்கும்வரை அந்தத் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில், உயிர் முன்பே போய்விட்டது என்றார்கள்.

பிணவறைக்கு வெளியே தீபன் அவளிடம் வந்தான். அவன் சட்டையிலும் கசடு.

"மார்ல காயம் கீது. வெலா எலும்பு ஒடஞ்சி கீதாம். நீ இடிச்சியா?"

"மொகம் கவுந்து கீந்திச்சி தீபா. தூக்கலாம்னு பாத்தேன்."

அவன் சட்டையில் காய்ந்த கசடை நகத்தால் சுரண்டினான். பிறகு சொன்னான்: "என் கைல என் கண்ட்ரோலரு இருந்தா கொயந்தய தூக்கற மாதிரி தூக்கி இருப்பேன்."

சொல்லிவிட்டுப் போய்விட்டான். அதற்குப் பிறகு பல மாதம் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

மறுநாள் காலை ராமசுப்பு அவளைத் தன் ஆபீசுக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார். குரலில் கோபம் இல்லை. அதுதான் அவளுக்கு பயமாக இருந்தது.

"போஸ்ட்மார்ட்டத்துல எலும்பு முறிவு வருதும்மா. மிஷின் அடிச்சிருக்குன்னு எழுதிட்டா நீ உள்ள போயிடுவ. உன்னை விட்டுக்குடுக்க எனக்கு மனசில்ல. நீ இப்படி எழுதிக் குடு. கேபிள் சிக்கிச்சு, நான் மிஷினை நிறுத்திட்டேன், பொன்னுரங்கம் யாரும் சொல்லாம தானா உள்ள போயிட்டாரு. அவ்வளவுதான். மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

"நீங்கதான் அனுப்புனீங்க. வாக்கில நான் வேணாம்னு சொன்னேன்."

"வாக்கில பேசினதுக்கு ஏதும்மா ரெக்கார்டு? கேமராவும் அன்னிக்குப் பதிவாகல, பாத்துட்டேன்." லேப்டாப் அவர் மேஜை மேல் மூடிக் கிடந்தது. "கீபோர்டுல ஓட்டுவேன்னு நின்னது யாரு? யார்டுல இருபது பேர் பாத்திருக்காங்க. யோசிச்சுக்க."

அவள் யோசித்தாள். வீட்டுக்குப் போய் ஒரு நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கீபோர்டில் ஓட்டுவேன் என்று நின்றது அவள்தான் என்று ராமசுப்பு சொன்னதில் பொய் இல்லையே என்பதுதான் அவளை அரித்தது. கெங்கம்மா தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு வந்து முன்னால் உட்கார்ந்தாள்.

"இன்னா நடந்திச்சின்னு எனக்கு ஒயுங்கா சொல்லு."

சங்கமித்ரா முதலிலிருந்து சொன்னாள். போட்டியைச் சொன்னாள். கார் ஆட்டத்தையும் சொன்னாள். கெங்கம்மாவுக்கு அந்த ஆட்டங்கள் எதுவும் தெரியாது. ஆனால் கேட்டு முடித்ததும் சொன்னாள்: "அப்ப உன் மேலயும் தப்பு கீது, அந்த கான்ட்ராக்டர் மேலயும் கீது. உன்னுத மட்டும் மறைக்கப் போனா அவன்து சேந்து மறஞ்சிடும். ரெண்டையும் சொல்லிடு. நான் கூட வரேன்."

போலீஸ் ஸ்டேஷனில் ஏட்டு ஒருவர் எழுதினார். மூச்சுக் கருவி இல்லாததை எழுதினார். ராமசுப்பு அனுப்பியதை, இரண்டு தடவை கேட்டுவிட்டு, எழுதினார். கீபோர்டு விஷயத்துக்கு வந்ததும் பேனாவை வைத்தார்.

"கீபோர்டுல ஓட்டினா என்ன, குச்சியில ஓட்டினா என்னம்மா? ரெண்டும் கம்ப்யூட்டர்தானே?"

"இல்ல சார். உங்க ஜீப்புல ஆக்சிலேட்டர் கீது இல்ல, அத்த பாதி மிதிக்கலாம், கால்வாசி மிதிக்கலாம். குச்சி அந்த மாதிரி. கீபோர்டு லைட் சுச்சு மாதிரி சார். போட்டா முழுசா எரியும், அணைச்சா இருட்டு. சுச்சு போட்டு ஜீப் ஓட்னா எப்டி இருக்கும்? அதுல ஓட்டக் கூடாதுன்னு எனக்கு தெரியும். தெரிஞ்சுதான் ஓட்டுவேன்னு சொன்னேன். அதையும் எயுதுங்க."

ஏட்டு அவளைப் பார்த்தார், கெங்கம்மாவைப் பார்த்தார். "இது உனக்கே எதிரா போகும்மா."

"எயுதுங்க சார்" என்றாள் கெங்கம்மா.

ஏட்டு சொன்ன மாதிரியே ஆனது. வழக்கில் ராமசுப்பு முதல் எதிரி, சங்கமித்ரா இரண்டாவது எதிரி. ராமசுப்பு நாலாம் நாள் ஜாமீனில் வந்துவிட்டார். அவளுக்குப் பதினேழு நாள் ஆனது. மருத்துவர் அறிக்கையில் மரணம் விஷவாயுவாலும் மூச்சுக்குழாயில் கசடு போனதாலும் என்று இருந்தது. விலா எலும்பு உடைந்தது உயிர் இருக்கும்போதா, போன பிறகா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றும் இருந்தது. அந்த வரியை அவள் வக்கீலின் அறையில் நின்றுகொண்டே பலமுறை படித்தாள்.

ஜாமீனில் வந்த வாரம் அவள் எண்ணூர்ப் பக்கம் அந்தக் குப்பத்துக்குப் போனாள். போக வேண்டாம் என்று எல்லோரும் சொன்னார்கள். பொன்னுரங்கத்தின் மனைவி பவானி வாசலில் நெத்திலி காயவைத்துக்கொண்டிருந்தாள். தீபன் உள்ளேயிருந்து வந்து வழியை மறித்தான்.

"நீ போய்டு."

"வுட்றா, யாரது?" என்றாள் பவானி. யாரென்று தெரிந்ததும் சிறிது நேரம் மீனைப் புரட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு கேட்டாள்: "அவுரு மொகத்த திருப்பி வுட்டது நீதானா?"

"ஆமாக்கா."

"அப்ப மூச்சு இருந்திச்சா?"

சங்கமித்ராவுக்கு இல்லை என்று சொல்லிவிட வேண்டும் போலிருந்தது. இரண்டு பேருக்கும் அது நிம்மதி.

"தெரியலக்கா. மெய்யாலுமே தெரியல. இருந்துதுன்னா, அந்தக் காயம் என்னாலதான்."

தீபன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பவானி அழவில்லை. திட்டவும் இல்லை.

"அந்தாளு அனுப்பிச்சான்னு கோர்ட்ல சொல்வியா?"

"சொல்லி இருக்கேன். மறுபடியும் சொல்வேன்."

"இவன் சொல்ல மாட்டேங்கிறான்" என்று தீபனைக் காட்டினாள் பவானி. "தொட்டி வாயாண்டதான் நின்னுகினு கீந்தான். காதுல வுயலயாம். அந்தாளு இவனுக்கு சூப்பர்வைசர் வேலை தரேன்னு சொல்லி கீறான்."

தீபன் செருப்பை மாட்டிக்கொண்டு கடற்கரைப் பக்கம் நடந்தான். சங்கமித்ரா அவன் பின்னால் போகவில்லை. அங்கே இன்னும் கொஞ்ச நேரம் நின்றாள். பவானி உட்காரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை.

விசாரணை இந்தத் தை மாதம் தொடங்கியது. ராமசுப்பு பழைய கம்பெனியை மூடிவிட்டு மச்சான் பெயரில் வேறொன்று ஆரம்பித்திருந்தார். ஆமை அதில் ஓடுவதாகக் கேள்வி. சங்கமித்ராவுக்கு யாரும் வேலை தரவில்லை. அம்மாவோடு சேர்ந்து புளியந்தோப்பில் டிபன் கடை போட்டிருந்தாள்.

சாட்சிக் கூண்டில் தீபன் ஏறியபோது அவள் தலையைக் குனிந்துகொண்டாள். ராமசுப்புவின் வக்கீல் அவனிடம் நயமாகக் கேட்டார்: இந்தப் பெண் கீபோர்டில்தான் ஓட்டுவேன் என்று அடம் பிடித்தாளா? ஆமாம் என்றான். வேண்டாம் என்று எச்சரித்தாயா? ஆமாம். கேட்டாளா? இல்லை. அவள் ஓட்டியதால்தான் கேபிள் சிக்கியதா? ஆமாம். அவள் மிஷினை மாமா மேல் மோதவிட்டதைப் பார்த்தாயா?

தீபன் தண்ணீர் கேட்டான். குடித்தான்.

"நான் பாக்கல சார். ஆனா மோதவுடல. தூக்கப் பாத்தா. அது மெதுவா தூக்கற சாமான் இல்ல. என் மாமா அப்ப கசடுல கவுந்து கெடந்தாரு. அவரு தானா போவல. 'போய்யா, அஞ்சு நிமிஷ வேலை'ன்னு இந்த ராமசுப்பு சார்தான் சொன்னாரு. நான் பக்கத்துல நின்னுகினு கீந்தேன். நானும் போவாதன்னு சொல்லல. நாத்தம் வந்தா திரும்பிடுன்னுதான் சொன்னேன்."

முதலில் போலீசிடம் வேறு மாதிரி சொன்னாயே என்று வக்கீல் காகிதத்தை நீட்டினார். "அப்ப சொன்னது பொய் சார்" என்றான் தீபன். எதிரி தரப்பு அவகாசம் கேட்டது. நீதிபதி வழக்கை ஒத்திவைத்தார்.

வெளியே வராந்தாவில் தீபன் ஒரு தூணில் சாய்ந்து நின்றான். சங்கமித்ரா எதிரே நின்றாள்.

"தேங்க்ஸ் சொல்லாத. உனக்காக சொல்லல" என்றான் அவன்.

"தெரியும்."

"நீ செஞ்சது தப்புதான்."

"தெரியும்டா."

அவன் தலையை ஆட்டிவிட்டு பைக் நிறுத்திய இடத்துக்குப் போனான். பவானி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். சங்கமித்ரா அதே பெஞ்சின் மறு ஓரத்தில் உட்கார்ந்தாள். நடுவில் பவானியின் பை இருந்தது. சிறிது நேரம் கழித்து பவானி பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்து அவளிடம் நீட்டினாள்.

"வக்கீல் குமாஸ்தா குட்தான். இன்னா தேதி போட்டு கீது?"

"அடுத்த மாசம் பத்தொம்போதுக்கா. செவ்வாக்கெயம."

"செவ்வாக்கெயம மீன் ஏலத்துக்கு போவணுமே" என்றாள் பவானி. சீட்டை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, ஷேர் ஆட்டோ பிடிக்க எழுந்தாள்.